பின்வளவுப் புல்லுக்குள் முயல்குட்டிகள்: என்ன செய்யலாம்?

வடலி (ஸ்காபரோ, கனடா), ஜூன் 7

எல்லோருக்கும் வணக்கம். அவசரமாக ஒரு யோசனை வேண்டும்.

இன்று பின்னேரம் இவர் பின்வளவில் புல் வெட்டத் தொடங்கினார். வேலிக்கும் கத்தரிப் பாத்திக்கும் நடுவில் ஓரிடத்தில் காய்ந்த புல் கொஞ்சம் குவிந்து கிடந்தது. காலால் தள்ளிவிடப் போனவர், அது அசைவதைக் கண்டு மெசினை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். மேல் புல்லை விலக்கினால் உள்ளே சாம்பல் நிற மயிர். அந்த மயிருக்குள் முயல்குட்டிகள். கண் திறக்கவில்லை. காதுகள் முதுகோடு ஒட்டிக் கிடக்கின்றன. நெற்றியில் சின்னதாய் ஒரு வெள்ளைப் பொட்டு.

தாயை எங்கும் காணவில்லை. மகள் அழுதுகொண்டு நிற்கிறாள், பெட்டிக்குள் வைத்துப் பால் பருக்குவோம் என்கிறாள். மகன் மருந்து கொடுக்கும் சிறிஞ்சைத் தேடி எடுத்து வைத்துவிட்டான். கோடைக்கு ஊரிலிருந்து வந்திருக்கும் மாமி மட்டும், "தொடாதேங்கோ, தாய் வரும்" என்று ஒரே பிடியாக நிற்கிறா. பக்கத்து வீட்டு நாய் வேறு வேலிக்கடியால் அடிக்கடி எங்கள் பக்கம் வரும். இருட்ட முதல் ஏதாவது முடிவெடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கத்தரித்தோட்டம் (மார்க்கம்), ஜூன் 7

வடலி, மாமி சொல்வதைக் கேளுங்கள். எடுத்த மயிரையும் புல்லையும் முன்பு இருந்தது போலவே மேலே மூடிவிட்டு எல்லோரும் வீட்டுக்குள் போய்விடுங்கள்.

இங்கே எல்லா வளவிலும் திரியும் கொட்டன்டெயில் முயல்தான் இது. இந்த முயல் பொந்து தோண்டிக் குட்டி போடாது. திறந்த புல்வெளியில் அரைச் சாண் ஆழத்துக்குக் குழி பறித்து, தன் நெஞ்சு மயிரைப் பிடுங்கி உள்ளே பரப்பி, மேலே காய்ந்த புல்லால் மூடிவிடும். பகல் முழுக்கத் தாய் பக்கத்தில் வராது. அது குட்டிகளைக் கைவிட்டதால் அல்ல. தாயின் உடம்பு வாசம் நரிக்கும் பூனைக்கும் கயோட்டி என்ற சின்ன ஓநாய்க்கும் வழி காட்டிவிடும். குட்டிகளுக்கோ வாசமே இல்லை என்று சொல்லலாம். அதனால் பொழுது படும்போது ஒரு முறை, விடியும் நேரம் ஒரு முறை வந்து, குழிக்கு மேலே நின்றபடி சில நிமிடம் பால் கொடுத்துவிட்டு, திரும்ப மூடிவிட்டுப் போய்விடும். முயல் பால் மிகவும் கொழுப்பானது, அந்த இரண்டு வேளையே போதும். ஆகவே நீங்கள் தாயைக் காணாததுதான் வழமை.

மனம் கேட்காவிட்டால் ஒரு சோதனை செய்யலாம். தையல் நூலோ மெல்லிய சணலோ எடுத்து, மூடிய புல்லுக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு வையுங்கள். காலையில் நூல் விலகியிருந்தால் தாய் வந்து போயிருக்கிறது.

நாய்க்கு: பகலில் ஓட்டையுள்ள உடுப்புக் கூடையைக் கவிழ்த்து மேலே ஒரு கல் வையுங்கள். பொழுதுபட முன்பு கட்டாயம் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தாயால் குட்டிகளை அணுக முடியாது. குழியைச் சுற்றி மூன்று மீட்டர் அளவுக்குப் புல் வெட்டாமல் விடுங்கள்.

பால் மட்டும் வேண்டவே வேண்டாம். மாட்டுப் பால் இந்தக் குட்டிகளின் வயிற்றைக் கெடுத்துக் கொன்றுவிடும். சிறிஞ்சால் பருக்கினால் நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் உண்டு. ஒரு கிழமையளவில் கண் திறக்கும், மூன்று கிழமையில் குழியை விட்டுப் போய்விடும். ஒரு மாதம் கூட இல்லை. பிள்ளைகளிடம் அதைச் சொல்லுங்கள்.

நொய்யல் (மிசிசாகா), ஜூன் 8

வடலி அக்கா, நூல் என்ன ஆச்சு? காலையிலிருந்து இந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்க்கிறேன்.

அப்புறம் எனக்கும் ஒரு சந்தேகம். கை பட்டால் மனுஷ வாசம் ஒட்டிக்கொள்ளும், தாய் திரும்பிச் சேர்க்காது என்று சின்ன வயதிலிருந்தே கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் வீட்டு வாசல் விளக்கு மேல் ராபின் பறவை ஒன்று கூடு கட்டிவிட்டது. வாயில் சேறு கொண்டுவந்து, உட்கார்ந்து நெஞ்சால் அழுத்தி அழுத்திக் கிண்ணம் மாதிரி ஆக்கியது. நீலப் பச்சை நிறத்தில் முட்டைகள். ஒவ்வொரு தடவை நாங்கள் கதவைத் திறக்கும்போதும் பறந்து போய் எதிர்க் கம்பியில் உட்கார்ந்து கத்துகிறது. கூட்டை மெதுவாகத் தூக்கிப் பக்கத்து மரத்தில் வைக்கலாமா? வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார், மாமனார் வைக்கலாம் என்கிறார்.

கத்தரித்தோட்டம் (மார்க்கம்), ஜூன் 8

நொய்யல் தங்கச்சி, கை வாசத்துக்காகப் பறவை குஞ்சைக் கைவிடுவதில்லை. முயலும் அப்படித்தான். நாம் திரும்பத் திரும்பப் போய் எட்டிப் பார்ப்பதுதான் கேடு. நாம் போகும் தடத்தைக் காகமும் பூனையும் கவனித்துக்கொண்டிருக்கும்.

கூட்டை நகர்த்தக் கூடாது. இடம் மாறிய கூட்டுக்குத் தாய் வராது. அதோடு ராபின் இங்கே 1994 ஆம் ஆண்டின் புலம்பெயர் பறவைகள் சட்டத்துக்குள் வருகிறது. முட்டை இருக்கும் கூட்டைக் கலைப்பது குற்றம். அடைகாப்பது 12 முதல் 14 நாள், குஞ்சு பொரித்துக் கூட்டை விட்டு இறங்க இன்னொரு 13 நாள் அளவு. ஜூலை தொடக்கத்தில் வாசல் உங்களுடையதாகிவிடும். அதுவரை கராஜ் கதவால் போய்வாருங்கள், வாசல் விளக்கை அணைத்து வையுங்கள்.

இன்னொன்று. குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்கும்போது நன்றாகப் பறக்கத் தெரியாது. மார்பில் புள்ளிகளோடு, கட்டை வாலோடு, புல்லில் தத்தித் திரியும். அநாதை என்று நினைத்துத் தூக்கிவராதீர்கள். தாயும் தகப்பனும் பக்கத்திலேயே நின்று புழு கொடுக்கும். பூனை இருந்தால் பூனையைத்தான் உள்ளே வைக்க வேண்டும். இறகே முளைக்காத குஞ்சு விழுந்தால் மட்டும் கையால் எடுத்துத் திரும்பக் கூட்டில் வைக்கலாம்.

வடலி (ஸ்காபரோ), ஜூன் 10

நூல் விலகியிருந்தது! இரண்டு நூலும் ஓரமாகத் தள்ளி, மேலே புதிதாகக் கொஞ்சம் புல். மகள் காலை ஐந்தரைக்கே எழுந்து சன்னலில் நின்றாள். பள்ளிக்கூட நாளில் ஏழரைக்கும் எழும்பாத பிள்ளை.

நேற்றுப் பொழுதுபட மாமி குசினிச் சன்னலோரம் கதிரை போட்டு இருந்தா. இங்கே ஜூனில் சூரியன் மறைய ஒன்பது மணி ஆகிறது, மாமிக்கு அந்த வெளிச்சத்தில் நித்திரையே வருவதில்லை. ஒன்பது மணிக்கு வேலியின் மூலையால் ஒரு முயல் வந்தது. நேரே குழிக்குப் போகவில்லை. க்ளோவர் இலை தின்பது மாதிரிக் கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் திரிந்தது. பிறகு ஒரு பாய்ச்சல். குழிக்கு மேலே கால்களை அகட்டி, தலையை நிமிர்த்தி, அசையாமல் இருந்தது. காது மட்டும் திரும்பிக்கொண்டே இருந்தது. வயிற்றுக்கடியில் புல் மெல்லக் குலுங்கியது. முடிந்ததும் முன்னங்காலால் புல்லை இழுத்து, வாயாலும் எடுத்து வைத்து மூடிவிட்டுப் போய்விட்டது. மாமி பிள்ளைகள் இருவரையும் மடிக்கு இரண்டு பக்கமும் பிடித்து வைத்துக்கொண்டு, "பாத்தியளோ, தாய் வந்திட்டுது" என்று மெல்லச் சொன்னா. வந்த நாளிலிருந்து பிள்ளைகளின் ஆங்கிலம் மாமிக்கும், மாமியின் தமிழ் பிள்ளைகளுக்கும் பாதிதான் விளங்கிக்கொண்டிருந்தது. நேற்று இரவு மூவரும் முயலைப் பற்றியே நித்திரை வரும்வரை கதைத்தார்கள்.

மணற்காடு (பிராம்ப்டன்), ஜூன் 14

முயல் என்றால் எல்லோருக்கும் இரக்கம் வருகிறது. என் வீட்டுக் கூரைக்குள் ரக்கூன், கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டையோடு இரவில் திரியும் அந்த விலங்கு, குடியிருக்கிறது, அதற்கும் இதே பொறுமைதானா என்று கேட்க வேண்டும் போல இருக்கிறது. இரவு இரண்டு மணிக்குப் படுக்கை அறைக்கு நேர் மேலே நடக்கிறது. கொஞ்ச நாளாகக் கீச்சுக்கீச்சென்று குட்டிச் சத்தமும் கேட்கிறது. எங்களுக்குக் கைக்குழந்தை இருக்கிறது, மனைவி நித்திரை இல்லாமல் சோர்ந்துவிட்டா. ஒருவர் வந்து பார்த்துவிட்டு, கூடு வைத்துப் பிடித்து வடக்கே தூரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன் என்று பெரிய தொகை கேட்டார். கொடுத்துவிடலாம் என்றுதான் இருக்கிறேன்.

கத்தரித்தோட்டம் (மார்க்கம்), ஜூன் 14

மணற்காடு தம்பி, கொஞ்சம் பொறுங்கள், காசு கொடுக்க வேண்டாம். எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் பிடித்த விலங்கைப் பிடித்த இடத்திலிருந்து 1 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுபோய் விடக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் விட்டுவிடவும் வேண்டும். 1997 ஆம் ஆண்டின் காட்டுயிர்ச் சட்டத்தில் இருப்பது. தூரத்தில் கொண்டுபோய் விடுகிறேன் என்பவர் சட்டத்தை மீறித்தான் சொல்கிறார்.

சட்டத்தை விடுங்கள். இந்த மாதத்தில் கூரைக்குள் இருப்பது அநேகமாகத் தாய். ஏப்ரல், மே மாதத்தில் குட்டி போட்டிருக்கும். தாயை மட்டும் பிடித்துப் போனால் குட்டிகள் உள்ளேயே பட்டினியில் செத்து, அந்த நாற்றம் சுவருக்குள் இறங்கும். தாயை வெளியே விட்டு ஓட்டையை அடைத்தால் குட்டிக்காகக் கூரையையே பிய்த்துக்கொண்டு உள்ளே வரும். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கூரைத் தகடுகள் அப்படித்தான் போயின.

நொய்யல் (மிசிசாகா), ஜூன் 14

அண்ணா, நீங்கள் சொல்வதெல்லாம் சரி. ஆனால் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் "காத்திருங்கள்" என்று சொல்வது நமக்குச் சுலபம். அவர் மனைவி நிலைமையில் இருந்து யோசிக்க வேண்டும். முயல் தோட்டத்தில் இருக்கிறது, ரக்கூன் தலைக்கு மேல் இருக்கிறது. இரண்டும் ஒன்றாகுமா?

கத்தரித்தோட்டம் (மார்க்கம்), ஜூன் 15

நியாயமான கேள்வி நொய்யல். காத்திருக்கத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதைத் தானாகவே போக வைக்கலாம். ரக்கூன் தாய்க்கு ஒரே வீடு கிடையாது, அக்கம்பக்கத்தில் வேறு பொந்துகளும் தெரிந்து வைத்திருக்கும். இருக்கும் இடம் இருட்டும் அமைதியுமாக இல்லை என்று பட்டால், குட்டிகளை ஒவ்வொன்றாகக் கழுத்துத் தோலில் கவ்விக்கொண்டு போய்விடும்.

ஏறிப் போக வழி இருந்தால் கூரைக்குள் ஒரு பிரகாசமான விளக்கைப் போட்டு இரவு பகலாக எரிய விடுங்கள். பேச்சு மட்டும் வரும் வானொலி ஒன்றை ஓட விடுங்கள். பாட்டை விட மனிதக் குரலுக்குத்தான் அது அஞ்சும். சில இரவுகள் கொடுக்க வேண்டும். சத்தம் நின்றதும் ஓட்டையில் செய்தித்தாளைச் சுருட்டி லேசாக அடைத்து வையுங்கள். இரண்டு மூன்று இரவு தாள் அப்படியே இருந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. ஆனாலும் டோர்ச் அடித்து மூலை முடுக்கெல்லாம் பார்த்த பிறகுதான் அரை அங்குலக் கண் உள்ள தடித்த கம்பிவலையால் அடைக்க வேண்டும். ஆள் பிடிப்பதானால், குட்டிகளைக் கையால் எடுத்து ஓட்டைக்கு வெளியே ஒரு பெட்டியில் வைத்து, தாய் தானாக வந்து கொண்டுபோகும்படி செய்பவரைப் பிடியுங்கள். அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள்.

ரக்கூன் ஒரே இடத்தில் மலம் கழிக்கும், கூரையிலோ டெக் மூலையிலோ குவியலாக இருக்கும். அதில் இருக்கும் உருண்டைப்புழுவின் முட்டை மனிதருக்கு, முக்கியமாகத் தவழும் பிள்ளைக்கு, மிகவும் ஆபத்து. கையுறையும் முகக்கவசமும் போட்டு அள்ளி, அந்த இடத்தில் கொதிநீர் ஊற்றுங்கள். பிளீச்சுக்கு அந்த முட்டை சாகாது.

ஊர்க்குருவி (ஸ்காபரோ), ஜூன் 16

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் தாதியாக வேலை செய்கிறேன், அதனால் உடல்நலம் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும்.

ரக்கூனும் வௌவாலும், நாற்றம் பீய்ச்சும் ஸ்கங்கும் விசர்நோயை (ரேபிஸ்) கொண்டுவரக் கூடியவை. 2015 டிசம்பரில் ஹமில்டனில் ரக்கூன் வகை விசர்நோய் திரும்ப வந்தது. அதற்குப் பிறகு மாகாண அரசு தடுப்பு மருந்து வைத்த இரைகளைக் காடுகளில் விமானத்திலிருந்தும் நகரங்களில் கையாலும் போட்டு வந்திருக்கிறது. காக்கிப் பச்சை நிறத்தில் சின்னப் பொட்டலம், மேலே எழுத்து இருக்கும். வளவில் கண்டால் பிள்ளைகளை எடுக்க விடாதீர்கள், அப்படியே விடுங்கள். பகலில் ரக்கூனைக் காண்பதே நோய்க்கு அடையாளம் அல்ல, பாலூட்டும் தாய் பகலிலும் இரை தேடும். தள்ளாடினால், பயமில்லாமல் கிட்ட வந்தால், மாநகராட்சியைக் கூப்பிடுங்கள்.

வௌவால் விஷயம் பலருக்குத் தெரியாது. நித்திரை கொள்ளும் பிள்ளையின் அறையில் காலையில் வௌவால் இருந்தால், கடி தெரியாவிட்டாலும் பொதுச் சுகாதாரப் பிரிவை அழைக்க வேண்டும். அதன் பல் அவ்வளவு சின்னது. விசர்நோயின் குணங்குறி தொடங்கிவிட்டால் காப்பாற்றுவது கிட்டத்தட்ட இயலாது. உடனே போட்டால் ஊசி காப்பாற்றும்.

அடுத்தது உண்ணி. லீவு தொடங்கப் போகிறது, எல்லோரும் ரூஜ் பூங்காவுக்குப் போவீர்கள். கறுங்கால் உண்ணி அங்கே இருக்கிறது, லைம் நோய் என்ற பக்டீரியாத் தொற்றைப் பரப்பும். வெளிர் நிற உடுப்பு, நீளக் காற்சட்டை, காலுறைக்குள் விட்டுக்கொள்ளுங்கள். வந்ததும் பிள்ளைகளைக் குளிக்க வைத்து முழங்கால் மடிப்பு, அக்குள், காதுப் பின்புறம், தலைமயிருக்குள் எல்லாம் தடவிப் பாருங்கள். எள்ளு அளவில்தான் இருக்கும். கடித்திருந்தால் நுனி கூர்மையான சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெய் விடுவது, நெருப்புக் காட்டுவது எதுவும் வேண்டாம். 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் நோய் தொற்றும் வாய்ப்புக் குறைவு.

பிள்ளைகளை வெளியே விடாமல் வைத்திருங்கள் என்று சொல்ல வரவில்லை. என் பிள்ளைகள் கோடை முழுக்க வெளியேதான்.

வடலி (ஸ்காபரோ), ஜூன் 29

பள்ளிக்கூடம் மூடிவிட்டது. முயல்குட்டிகளும் போய்விட்டன. கடைசி நாட்களில் கண் திறந்து, காது நிமிர்ந்து, குழிக்கு வெளியே வந்து பக்கத்துப் புல்லைக் கடித்துவிட்டுத் திரும்ப உள்ளே ஓடும். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில் தனியே போய்விட்டதே என்று மகளுக்குக் கவலை. இப்போது தக்காளிப் பாத்திக்குக் கீழே ஒன்று இருக்கிறது, நெற்றிப் பொட்டு இருப்பதால் அதுதான் என்கிறாள்.

இன்னொரு சந்தோஷம். நேற்று இரவு மின்மினி வந்தது. மாமிதான் கண்டா. ஊரில் வயல் கரையில் பார்த்ததற்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறாவாம். பின்வாசல் விளக்கை அணைத்ததும் வேலியோரம் முழுக்கத் தெரிந்தது. ஒளியைக் காட்டித்தான் அவை சோடி தேடுகின்றன என்று மகன் நூலகப் புத்தகத்தில் பார்த்துச் சொன்னான். இனி இரவில் விளக்குப் போடுவதில்லை என்று அவனே தீர்மானம் போட்டுவிட்டான்.

மணற்காடு அண்ணா, ரக்கூன் என்ன ஆனது?

மணற்காடு (பிராம்ப்டன்), ஜூன் 30

போய்விட்டது தங்கச்சி. விளக்கும் வானொலியும் வைத்தோம். ஒரு நாள் விடியப்புறம் குழந்தைக்குப் பால் கரைக்க எழும்பிய மனைவி சன்னலால் பார்த்து என்னை எழுப்பினா. தாய் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு கூரை விளிம்பால் இறங்கி, பீலிக் குழாயைப் பிடித்துச் சறுக்கி, பக்கத்து வீட்டுப் பெரிய மேப்பிள் மரத்தில் ஏறியது. திரும்பி வந்து அடுத்தது. கையில் போத்தலோடு மனைவி கடைசிக் குட்டி போகும்வரை நின்று பார்த்தா. "அதுக்கும் இந்த நேரத்திலதான் வேலை" என்றா. கத்தரித்தோட்டம் அண்ணாவுக்கு மிகவும் நன்றி. கம்பிவலை அடித்தாயிற்று.

இப்போது வேறு தொல்லை. புல்தரையில் காலையில் பார்த்தால் சின்னச் சின்னக் குழி, சில இடங்களில் புல்லே பாய் சுருட்டியது போலப் புரட்டிக் கிடக்கிறது. ஸ்கங்க் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். மருந்து அடிக்கலாமா?

கத்தரித்தோட்டம் (மார்க்கம்), ஜூன் 30

கூம்பு மாதிரிக் குழி என்றால் ஸ்கங்க்தான். புல்லைப் புரட்டுவது ரக்கூனாகவும் இருக்கலாம். இரண்டும் தேடுவது ஒன்றைத்தான்: புல் வேரைத் தின்னும் வெள்ளைப்புழு, வண்டுகளின் குடம்பி. புழு இல்லாத புல்லில் அவற்றுக்கு வேலை இல்லை.

அழகுக்காகப் புல்தரைக்குப் பூச்சிமருந்து அடிப்பது ஒன்ராறியோவில் 2009 இலிருந்து தடை. அது நல்ல சட்டம் என்பது என் எண்ணம். அந்த மருந்து ராபின் கொத்தும் மண்புழுவுக்கும் போகும், மின்மினியின் குடம்பியும் மண்ணில்தான் வளர்கிறது. நெமற்றோட் என்று நுண்புழுக்களைப் பொட்டலமாக விற்கிறார்கள், நீரில் கரைத்துத் தெளிப்பது. அவை வெள்ளைப்புழுவுக்குள் புகுந்து கொல்லும். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கத்தில், குடம்பி சின்னதாக இருக்கும்போது, மண்ணை நன்றாக நனைத்துவிட்டு மாலையில் தெளியுங்கள். இப்போது போட்டால் காசு வீண்.

ஸ்கங்க் முதலிலேயே பீய்ச்சாது. முன்னங்காலால் தரையைத் தட்டும், வாலைத் தூக்கும். அதைக் கண்டால் மெல்லப் பின்வாங்குங்கள். நாய்க்குப் பட்டுவிட்டால் தக்காளிச் சாறு ஊற்றிப் பிரயோசனம் இல்லை. 3 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட் ஒரு லீட்டர், அப்பச்சோடா கால் கோப்பை, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி. கலந்த உடனே கண்ணில் படாமல் தேய்த்துக் கழுவ வேண்டும். மிச்சத்தைப் போத்தலில் மூடி வைக்காதீர்கள், வாயு கிளம்பி வெடிக்கும்.

பனிமுற்றம் (ஒஸ்லோ), ஜூலை 6

நோர்வேயிலிருந்து ஒரு வணக்கம். உங்கள் இழையை மகளோடு இருந்து வாசித்தேன். இங்கே ரக்கூனும் ஸ்கங்கும் இல்லை, எங்கள் தோட்டத்து விருந்தாளி முள்ளெலி. இப்போது இரவு பத்தரை மணிக்கும் வெளிச்சம், அந்த நேரத்தில் வேலிப் பற்றைக்குள்ளால் மூக்கால் உறிஞ்சிக்கொண்டு வரும்.

என் அம்மா பழைய பழக்கத்தில் அதற்கு ஒரு தட்டில் பால் வைத்தா. முள்ளெலிக்குப் பால் செரிக்காது, வயிற்றோட்டத்தில் சாகும். தண்ணீர்தான் வைக்க வேண்டும், ஆழமில்லாத தட்டில். இப்போது அம்மாவே தினமும் தண்ணீர் மாற்றுகிறா. அதோடு, தானாக ஓடும் புல்வெட்டும் ரோபோவை இரவில் ஓட விடக் கூடாது. முள்ளெலி ஆபத்தென்றால் ஓடாது, அங்கேயே சுருண்டுகொள்ளும். ரோபோவின் கத்திக்கு அது தெரியாது. பகலில் மட்டும் ஓடும்படி எங்கள் வரிசை வீடுகளில் எல்லோரிடமும் பேசி மாற்றினோம்.

நொய்யல் (மிசிசாகா), ஜூலை 7

முள்ளெலி நம்ம ஊரிலும் உண்டு! தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் தேரிக்காட்டில் இருக்கும். மாமனாருக்கு சொந்த ஊர் அந்தப் பக்கம், படத்தைப் பார்த்ததும் அடையாளம் சொன்னார். அங்கே மருந்துக்காகப் பிடித்துக் கொன்றதால் இப்போது பார்ப்பதே அரிது என்று வருத்தப்பட்டார்.

ராபின் குஞ்சுகள் இறங்கிவிட்டன. கூட்டை மாற்றலாம் என்று சொன்ன மாமனாரே கடைசி வாரம் முழுக்க வாசல் படியில் யாரையும் உட்கார விடவில்லை. கூரியர்காரருக்கு ஆங்கிலத்தில் ஒரு அட்டை எழுதி ஒட்டச் சொன்னார்.

கத்தரித்தோட்டம் அண்ணா, எனக்கு ஒரு புலம்பல்: என் முளைக்கீரையையும் பீன்ஸையும் முயல் தரையோடு மேய்ந்துவிட்டது. மே மாத விக்டோரியா டே விடுமுறை முடிந்து வைத்த செடி, செப்டம்பர் கடைசியில் குளிர் வந்துவிடும். திரும்ப விதைத்தால் வருமா?

கத்தரித்தோட்டம் (மார்க்கம்), ஜூலை 7

கீரை தாராளமாக வரும், இன்றே விதையுங்கள். பீன்ஸும் வரும், ஐம்பது அறுபது நாளில் காய்க்கும் புதர் வகையைப் போடுங்கள். பாகலும் புடோலும் என்றால் இனிக் காலம் போதாது.

வேலிக்கு இரண்டடி உயரக் கோழிவலை போதும், கண் ஒரு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். அடிப்பக்கத்தை ஆறு அங்குலம் மண்ணுக்குள் புதையுங்கள். மிளகாய்த்தூள் தூவுவது முதல் மழையோடு சரி. புல்தரையில் க்ளோவரை வளர விட்டாலும் முயல் பாதி நேரம் அதிலேயே நிற்கும்.

வடலி (ஸ்காபரோ), ஆகஸ்ட் 11

திரும்ப வந்துவிட்டேன். மாமி ஊருக்குப் போக இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. போக முதல் இன்னொன்று கண்டுபிடித்தா.

வேலிக்குப் பின்னால் தானாக வளர்ந்த ஒரு செடி, பால் வடியும், அகன்ற இலை. பிடுங்கப் போனபோது மாமி இலையைக் கிள்ளிப் பார்த்து, "இது எருக்கலைச் சாதி எல்லோ" என்றா. அடியில் திருப்பினால் மஞ்சள், கறுப்பு, வெள்ளை வரியோடு ஒரு புழு, இலையின் நடு நரம்பைக் கடித்து வெட்டிவிட்டு நுனியிலிருந்து தின்றுகொண்டிருந்தது. மகள் மொனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு என்கிறாள். போத்தலில் வைத்து வளர்க்கப் போகிறேன் என்று நிற்கிறாள். என்ன சொல்கிறீர்கள்?

கத்தரித்தோட்டம் (மார்க்கம்), ஆகஸ்ட் 11

மாமிக்கு என் வணக்கம். அந்தச் செடி மில்க்வீட், எருக்கின் குடும்பம்தான். ஊரில் எருக்கலையில் புழு வைக்கும் செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியும் மொனார்க்கின் நெருங்கிய சொந்தம். அந்தப் பாலில் நஞ்சு உண்டு. புழு அதை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் தொடுவதில்லை. நரம்பை வெட்டுவது, பால் வழிந்து வாயை ஒட்டாமல் இருக்கத்தான். மொனார்க் புழு மில்க்வீட்டைத் தவிர வேறெதிலும் வளராது, ஆகவே பிடுங்கவே வேண்டாம். முன்பு ஒன்ராறியோவில் களைப் பட்டியலில் இருந்தது, 2014 இல் எடுத்துவிட்டார்கள்.

போத்தல் வேண்டாம். மொனார்க் இங்கே சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பூச்சி, மத்திய அரசு 2023 டிசம்பரில் அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அது செடியிலேயே இருக்கட்டும், மகள் தினமும் போய்ப் பார்க்கட்டும். இரண்டு கிழமையில் எங்காவது தலைகீழாகத் தொங்கிக் கூட்டுப்புழு ஆகும். பச்சைக் கூட்டில் பொன் புள்ளி இருக்கும்.

மகளுக்கு இதையும் சொல்லுங்கள். இந்த வண்ணத்துப்பூச்சி குளிர்காலத்தில் எங்கே போகிறது என்ற கேள்விக்கு விடை தேடியவர் உங்கள் ஸ்காபரோவில் வேலை செய்தவர். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் விலங்கியல் பேராசிரியராக இருந்த பிரெட் உர்குஹார்ட். அவரும் மனைவி நோராவும் செட்டையில் சின்னத் தாள் அடையாளம் ஒட்டிப் பறக்க விட்டார்கள், கண்டம் முழுக்கத் தொண்டர்களையும் சேர்த்தார்கள். பல பத்தாண்டுகள் போன பிறகு, 1975 ஜனவரியில், அவர்களுக்காகத் தேடிய கென் பிரகரும் கத்தலினா அகுவாடோவும் மெக்சிகோவின் மலைக்காட்டில் கோடிக்கணக்கான மொனார்க்குகள் மரங்களை மூடித் தொங்குவதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு உர்குஹார்ட் அங்கே போனபோது ஒரு கிளை முறிந்து விழுந்தது. விழுந்தவற்றுக்குள் அமெரிக்காவின் மினசோட்டாவில் அடையாளம் ஒட்டிவிட்ட ஒரு வண்ணத்துப்பூச்சி கிடந்தது.

உங்கள் வேலிப் புழு அந்தப் பயணத்துக்கான தலைமுறை. ஜூனில் பிறந்தவை சில கிழமைகளில் முடிந்துவிடும். ஆகஸ்ட் கடைசியில் வெளிவருபவை முட்டை இடாமல், எட்டு மாதம் வரை வாழ்ந்து, 4,000 கிலோமீட்டர் அளவு பறந்து மெக்சிகோ போகும். இதற்கு முன் போனது எதுவும் உயிரோடு இல்லை, வழி காட்ட ஆளே கிடையாது.

ஊர்க்குருவி (ஸ்காபரோ), ஆகஸ்ட் 12

வேலியோரம் அஸ்டரும் கோல்டன்ரொட்டும் பூத்தால் செப்டம்பரில் வெட்டாதீர்கள். பயணத்துக்கு முன் அவை தேன் குடிப்பது அவற்றில்தான். மூக்கடைப்புக்குக் கோல்டன்ரொட்தான் காரணம் என்று என்னிடம் வருபவர்கள் பலர் நம்புகிறார்கள். அந்த நேரத்தில் பூக்கும் ராக்வீட் என்ற களையின் மகரந்தம்தான் காற்றில் வருவது.

வடலி (ஸ்காபரோ), செப்டம்பர் 3

மாமி போய்விட்டா. பிள்ளைகள் பள்ளிக்கூடம் திரும்பிவிட்டார்கள். மொனார்க் வெளிவந்தது மாமி புறப்பட்ட கிழமைதான், செட்டை காயும்வரை வேலிக் கம்பியில் தொங்கியது. மகள் அதைப் பற்றித் தமிழில் எழுதி மாமிக்கு அனுப்பியிருக்கிறாள், எழுத்துப்பிழையைத் திருத்த என்னை விடவில்லை.

அடுத்த வருடம் வேலி முழுக்க மில்க்வீட் போட வேண்டும் என்று வீட்டில் முடிவு. விதை எப்படி எடுப்பது, எப்போது போடுவது?

கத்தரித்தோட்டம் (மார்க்கம்), செப்டம்பர் 3

காய் பழுப்பாகி, நடுத் தையலை அமுக்கினால் பிளக்கும் பருவத்தில் பறியுங்கள், செப்டம்பர் கடைசியிலிருந்து பார்க்கலாம். உள்ளே எருக்கம் பஞ்சு மாதிரியே இருக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உயிர்காப்பு அங்கிகளுக்குள் அடைக்கப் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு அந்தப் பஞ்சைச் சேர்த்தார்கள். பஞ்சை நீக்கி விதையை நிழலில் உலர்த்துங்கள்.

நவம்பரில், நிலம் உறைய முன், வெயில் படும் இடத்தில் கால் அங்குல ஆழத்தில் தூவி மூடுங்கள். பனியின் குளிர் பட்டால்தான் முளைக்கும், வசந்தத்தில் வீட்டு விதையை நேரே போட்டுப் பலர் ஏமாறுகிறார்கள். முதல் ஆண்டு பூக்காது, அதற்காகப் பிடுங்கிவிட வேண்டாம். வேரால் பரவும் செடி என்பதால் கத்தரிப் பாத்திக்குக் கிட்ட வைக்காதீர்கள். என்னிடம் காய் நிறைய இருக்கிறது. மணற்காடு, நொய்யல், யாருக்கு வேண்டுமானாலும் தனிமடல் போடுங்கள், கடித உறையில் அனுப்பி வைக்கிறேன்.